கொம்பு தனியே நின்ற பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை முடித்த பிள்ளைகள் என்னென்ன படிக்கலாம் என்று கடந்த ஞாயிறு தங்கள் வாரப் பகுதியில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வடிவமைப்புப் படிப்புக்கு அதில் மூன்றே வரி. எழுத்துரு (ஃபொன்ட்) தேடுவதெல்லாம் அலங்கார வேலை, வாசிக்க முடிந்தால் போதும் என்ற கருத்தோடு மூன்றாவது வரி முடிந்தது. எழுதியவர் வயதில் மூத்தவர், எத்தனையோ பிள்ளைகளுக்கு வழி காட்டியவர். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வடிவமைப்பு படிக்கும் மூன்றாம் வருட மாணவி. மட்டக்களப்புக்குப் பக்கத்திலுள்ள ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறேன். முதல் வருடத்தில், வழியில் காணும் எழுத்துகளை ஒரு வாரம் படம் எடுத்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் முடியவில்லை. காலையில் கல்லடிப் பாலம் வரும்வரை ஒரு பக்கத்துக் கடைகள், மாலையில் மறுபக்கத்துக் கடைகள். சந்தையில் மட்டையில் மார்க்கரால் எழுதிய ‘கணவாய்’, ஓட்டோவின் பின்கண்ணாடியில் வெட்டி ஒட்டிய சாமி பெயர், மருந்து உறையில் அவசரமாய் எழுதிய ‘காலை’, ‘இரவு’, மதிலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மரண அறிவித்தல்கள். ஒரே ‘ழ’வைப் பத்துப் பேர் பத்து விதமாக வளைக்கிறார்கள், பத்தும் ‘ழ’ தான். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கோட்டைமுனைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு புடவைக் கடைக்குத் தகரப் பலகை இருக்கிறது. எனாமல் பெயின்ட், தட்டைத் தூரிகை. அதில் ‘சேலை’ என்ற சொல்லில் உள்ள லைக்கு முன்னால் சங்கிலிக்கொம்பு கிடையாது. யானையின் தும்பிக்கை போல ஒரு வளைவு எழுத்தோடேயே ஒட்டி மேலே சுழன்று நிற்கும். முதலில் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அம்மம்மாவின் கொப்பி ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர். நெல் மூட்டைக் கணக்கு எழுதிய அந்தக் கொப்பியில் ‘விலை’ எல்லாம் இதே தும்பிக்கையோடுதான் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் 13 எழுத்துகளை மாற்றியபோது இந்த வடிவம் அச்சிலிருந்து போனது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அம்மம்மாவின் கை மட்டும் கடைசிவரை மாறவில்லை. பலகை எழுதியவரின் கை எவ்வளவு நிதானம் என்று பாருங்கள், ஒவ்வொரு குற்றும் (மெய்யெழுத்தின் மேற்புள்ளி) எழுத்தின் தடிப்புக்கு ஏற்ற அளவில், முழு வட்டமாக, எழுத்தின் நடுவுக்கு நேரே நிற்கிறது. இன்று டிஜிட்டல் பெனர்களில் குற்று எழுத்தை விட்டு விலகி அடுத்த எழுத்தின் தலைக்குப் போய்விடுகிறது.

அம்மம்மா போன வருடம் காலமானார். 31ஆம் நாளுக்கு நினைவுமலர் அடித்தோம். எனக்கு அப்போது பரீட்சை, மாமாதான் ஓர் அச்சகத்தில் கொடுத்தார். அம்மம்மாவின் பெயர் ‘பொன்’ என்று தொடங்கும். அட்டையில் அம்மப்பாவின் பெயரோடு சேர்ந்து முதல் வரியின் கடைசியில் கொம்பு மட்டும் தனியே நின்றுவிட்டது. அடுத்த வரி ‘பான்’ என்று தொடங்கியது. வந்திருந்த சின்னப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி, “பான், பான்” என்று வாசித்துச் சிரித்தார்கள். அவர்களில் பிழை இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வாசித்தார்கள். அம்மா மலரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். முந்நூறு பிரதிகள். அடுத்த நாள் நான் அச்சகத்துக்குப் போய்க் காட்டினேன். “வாசிக்கத்தானே முடியுது தங்கச்சி” என்றார்கள்.

ஐயா, தங்கள் பகுதியில் வந்த அந்தக் கட்டுரையில் நான் திரும்பக் கேட்டது அந்தக் குரலைத்தான்.

அந்தக் கொம்பு ஏன் தனியே நின்றது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே இன்னும் பல இடங்களில் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். அதில் கொம்பு தனி, பகரம் தனி, அரவு (துணைக்கால்) தனி. மூன்றும் சேர்ந்து ஒரே ‘பொ’ என்பது கணினிக்குத் தெரியாது, இடம் போதாத இடத்தில் எங்கே வேண்டுமானாலும் வெட்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் பகரத்துக்குப் பின்னால் ஒகரக் குறி என்ற ஒழுங்கில் பதிவாகும், திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னுக்கு வரும். ஆகவே பிரியாது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்திலும் இப்படி நடந்திருக்காது. கொம்பை ஒரு வரியிலும் பகரத்தை அடுத்த வரியிலும் வைக்க எந்த அச்சுக்கோப்பாளரின் கையும் துணியாது. அந்தக் காலத்தைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. இத்தனை நூற்றாண்டு அச்சில் பழகிய எழுத்து இது. அதற்கு நேரம் செலவழிப்பதை அலங்காரம் என்றால் எனக்கு வலிக்கிறது.

இன்னும் இருக்கிறது. மும்மொழிப் பலகைகளைப் பாருங்கள். கட்டத்தின் அளவை ஆங்கிலத்துக்குப் பார்த்துத் தீர்மானித்துவிடுகிறார்கள். ‘வைத்தியசாலை’ அதற்குள் எப்படி அடங்கும்? அப்புறம் பக்கவாட்டில் நெருக்கி அடைக்கிறார்கள். வளைவெல்லாம் நசுங்கி, நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் எத்தனை சுழி என்று எண்ண முடியாமல் போகிறது. கண் மங்கியவர்கள், ஊருக்குப் புதியவர்கள் எல்லாம் அந்தப் பலகையை நம்பித்தானே நடக்கிறார்கள். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பலகையில் இடம் கிடைத்தது சரி, அந்த இடத்தில் எழுத்து எந்தக் கோலத்தில் நிற்கிறது என்று பார்க்க ஆள் கிடைக்கவில்லை. பஸ் இருக்கைக்கு மேலே கர்ப்பிணித் ‘தாய்’, ‘நாய்’ ஆனதை நாடே பார்த்தது. ‘த’வும் ‘ந’வும் வேறு வேறு என்று அறியாத ஒருவர் வடிவத்தைப் பார்த்துப் பிரதி எடுத்திருப்பார். அதை ஒட்டுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த பஸ்ஸில் இருந்த ஒரு கர்ப்பிணியின் மனதை நினைத்துப் பாருங்கள்.

வகுப்பிலும் இதே கதைதான். பாடம் முழுக்க ஆங்கில எழுத்தை வைத்தே. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வாரக்கணக்கில் படித்தோம். நம் எழுத்தில் அந்தப் பிரிவே கிடையாது. மேலே இகர விசிறிக்கும் கீழே உகரச் சுழிக்கும் எவ்வளவு இடம் விடவேண்டும், வரிக்கும் வரிக்கும் இடையில் எவ்வளவு என்று கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. நானே நோட்டீசுகளை அளந்து பார்த்துப் படித்தேன்.

நல்ல எழுத்துரு இல்லை என்று சொல்லவும் இனி முடியாது. பவனம், கவிவனார் இரண்டையும் வடிவமைத்த தாரிக் அஸீஸ் நம் நாட்டுக்காரர். கவிவனாரில் கையெழுத்தின் சரிவு அப்படியே இருக்கிறது. இரண்டும் கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த நாட்டில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக வரைந்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார். அந்த வேலையைத்தான் அந்தக் கட்டுரை ஒரு வரியில் தள்ளிவிட்டது. அதை வாசித்துவிட்டு எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று இந்தப் படிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

மறுப்புக் கட்டுரை போடுங்கள் என்று கேட்கவில்லை. தங்கள் மரண அறிவித்தல் பக்கத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன். நீளமான பெயர் வந்தால் கட்டத்துக்குள் அடக்குவதற்காக எழுத்தை நெருக்குகிறீர்கள். அதற்குப் பதிலாக எழுத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது பெயரை முழுச் சொல்லாக அடுத்த வரிக்கு இறக்குங்கள். அச்சுக்குப் போகுமுன், எந்த வரியின் கடைசியிலாவது கொம்பு தனியே நிற்கிறதா என்று ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் எனக்கு வகுப்பு இல்லை, நான் வந்து பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
வடிவமைப்பு மாணவி,
ஆரையம்பதி.