தாராவியில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்களுக்காக ஒரு மனு

அனுப்புநர்:
சர்க்கரை நோயாளிகளும் குடும்பத்தினரும்,
90 அடி சாலைப் பகுதி, தாராவி, மும்பை – 400 017.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
மும்பை மாநகராட்சி.

பொருள்: இரவுக் கழிப்பறை வசதி, கால் பரிசோதனை, மாலை நேர ரத்தப் பரிசோதனை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. எங்கள் சந்துகளில் சுகர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாத்திரை கிடைக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் தூக்கமும் காலும் பிழைப்பும் கெட்டுக்கொண்டே இருக்கின்றன.

முதலில் இரவு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் உடம்பு அதைச் சிறுநீரில் வெளியே தள்ளும். ராத்திரியில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கும். எங்களில் பலர் வீட்டில் கழிப்பறை இல்லை. செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கி, இருட்டில், சாக்கடையை மூடிய பலகைகள் மேல் நடந்து பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டும். இதற்குப் பயந்தே பெண்கள் பலர் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை ஏறிய உடம்பில் தண்ணீரும் வற்றினால் மயக்கம் வரை போகும். வயசான அம்மாக்கள் தாகத்தோடு படுப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. கழிப்பறைகள் இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வழியில் விளக்கு, உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு ஒரு மேற்கத்தியக் கழிப்பறை, இவை உடனே தேவை. இது வேறு துறை என்று தள்ளிவிடாமல், திடக்கழிவு மேலாண்மைத் துறைக்கு நீங்களே ஒரு கடிதம் எழுத வேண்டுகிறோம். மருத்துவர் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

அதே பாதையில்தான் காலும் போகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் பார்க்கிறார்கள். அப்படி விரலை இழந்து, தோல் பட்டறை வேலையையும் இழந்தவர்கள் எங்களிடையே உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும். வருடத்துக்கு ஒருமுறையாவது எங்கள் பகுதி மருந்தகத்திலேயே அதைச் செய்யுங்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. இட்லி விற்பவர்கள் விடியுமுன்பே எழுந்து, அவித்து, சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு காலையில் வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை, ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும், சாயங்காலமும் ரத்தம் எடுக்கலாம். இதை மாலையில், இலவசமாகச் செய்ய ஏற்பாடு வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் சிலர் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. தகரக் கூரை வெயிலில் மருந்து கெடும். மருந்தகக் குளிர்பெட்டியில் வைத்து ஒவ்வொரு பாட்டிலாகக் கொடுத்தால் நல்லது. ரத்தத்தில் சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் தமிழில் அச்சடித்துத் தாருங்கள்.

இந்த மனுவின் மராத்தி நகலை இணைத்துள்ளோம். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் நேரில் வந்து பாருங்கள். வழிகாட்ட எங்களில் சிலர் உடன் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
90 அடி சாலைப் பகுதி மக்கள்