நாங்களே போட்ட காஸ் லைனை நாங்களே ஏன் மாற்றச் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"நீங்கள்தானே லைன் இழுத்தனீங்கள். இப்ப நீங்களே வந்து மாத்தச் சொன்னால் எப்பிடி?" என்று கோண்டாவிலில் ஒரு பேக்கரி முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான்.

லைனில் பிழையில்லை. காஸ் லைனை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லும் தரநூல் ஒன்று உண்டு; அன்று எங்கள் கையிலிருந்த பதிப்பின்படி போட்டது. அந்த நூலுக்குப் புதுப்பதிப்பு வந்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே தலையிடி உண்டு. அங்கே எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்குப் பொறுப்பான பி.எச்.எம்.எஸ்.ஏ. என்ற அரச நிறுவனம் தொழில்நுட்ப விபரம் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. ஏ.பி.ஐ. (பெற்றோலியத் துறையினரின் அமைப்பு), ஏ.எஸ்.எம்.இ. (இயந்திரப் பொறியியலாளர் சங்கம்) போன்ற அமைப்புகளின் தரநூல்களை, எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து, விதிக்குள் சுட்டிவிடும். நூல் புதுப்பிக்கப்பட்டாலும் விதி தானாக மாறாது. பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அதைத் திருத்தும்வரை பழைய பதிப்புத்தான் சட்டம். இழுபறிதான், ஆனாலும் புதிதாக வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமலிருக்க அது உதவுகிறது.

2010 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில், 1956இல் புதைத்த 30 அங்குலக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். பதிவேட்டில் அது பொருத்தே இல்லாத குழாய். தோண்டிப் பார்த்தபோது நீளத்துக்கு வெல்டிங் பொருத்து இருந்தது, அதுவும் அரைகுறையாக. அதனால்தான் எங்கள் பழைய கொப்பியில் எழுதியிருப்பதை நாங்களே நம்பாமல், உங்கள் குசினிக்கு நேரில் வந்து பார்க்கிறோம்.

2021 கடைசியில் எங்கள் நாட்டில் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். புரொப்பேன், பியூட்டேன் கலவை பற்றித்தான் அப்போது ஊரெல்லாம் பேச்சு. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். அதைத் தாங்கிக் குறைத்து அனுப்ப வேண்டியது ரெகுலேற்றர்; அங்கிருந்து காஸைக் கசியாமல் அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டியது ஹோஸ். எங்கள் உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடிக்கும், அடுப்பு வெக்கையில் ஹோஸின் றப்பரில் வெடிப்பு விழும். வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் அந்த ஹோஸ் முடிந்த கதை. டேப் சுற்றாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று. காஸ் கசிவு காட்டும் கருவியைச் சிலர் புகை காட்டும் கருவிபோலக் கூரைக்குக் கீழே பூட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடுதான் படரும். கருவி நிலத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். சிலவற்றை அப்படிப் பூட்டியது எங்கள் பெடியன்கள்தான். அவற்றைக் காசு வாங்காமல் இறக்கித் தருவோம்.

ஹோஸ், ரெகுலேற்றர் எங்கள் கொள்விலைக்கே. கூலி இல்லை. லைனுக்குக் காற்றடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்போம்; மூட்டுகளுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசுவோம். அந்த நேரம் அடுப்பு எரியாது என்பதால், சாப்பாட்டுக்கடைக்காரர் மத்தியானச் சனம் ஓய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். மண்டபக்காரர் கலியாணம் இல்லாத நாளாகப் பார்த்து முன்கூட்டியே அறிவியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இந்த வேலைக்கு வரமாட்டோம். கொடியேற முன்னம் முடித்துவிடுவது உங்களுக்கும் வசதி.