மேக் வாங்கு, ஆனால் என்னுடையது மாதிரி வாங்காதே

கல்மண்டபம், ராயபுரம்

அன்பு வசந்தா,

போனில் நீ "ஸ்டெல்லா, நானும் உன்னை மாதிரியே ஒரு ஐமேக் வாங்கிடட்டுமாடி"ன்னு கேட்டபோது, கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூப் பார்க்க வந்தவர் வாசலில் நின்றுகொண்டு, மாப்பிள்ளை பேருக்கு முன்னாடி இருக்கிற இனிஷியல் தப்பு என்று கத்திக்கொண்டிருந்தார், அதனால்தான் அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் மேக்குக்கு மாறு, ஆனால் திரையும் கம்ப்யூட்டரும் ஒரே துண்டாக வருகிற ஐமேக் வேண்டாம். "உனக்கு மட்டும் வேணும், எனக்கு வேணாமா"ன்னு கேட்பாய், தெரியும். நான் வாங்கின கதையைக் கேள், பிறகு திட்டு.

என் பழைய பெட்டி 2014-இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் பண்ணினது, இன்டெல் ஐ5, நாலாவது தலைமுறை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது இல்லையா, பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்றார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சமாச்சாரம் வேண்டும், ப்ராசசர் இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்கு மேலே இருக்கணும். என்னுடையது பாதி வழியில் நிற்கிறது. சரி, ஒரு வருஷம் ஓட்டலாம் என்று இருந்தேன். ஒரு நாள் திடீரென்று ஆன் ஆகவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் பையன் வந்து கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றப் பார்த்தான், ஸ்க்ரூ சுற்றுகிறது, வெளியே வரவில்லை, தலை முழுக்கத் துரு. ஒருவழியாகத் திறந்தால் உள்ளே பச்சையும் பழுப்புமாகப் பூத்துப்போய், ஃபேன் இறக்கையில் கருப்பு மாவு மாதிரி படிந்திருந்தது. "அக்கா, காசிமேட்டுக் கடல்காத்து உள்ளே புகுந்து குடித்தனம் பண்ணியிருக்கு"ன்னான். ராம் என்கிற நினைவகக் குச்சியை எடுத்து அழி ரப்பரால் அதன் ஓரத்துத் தங்க நிறப் பட்டையைத் தேய்த்துத் திரும்ப மாட்டினான், ஓடியது. இன்னும் ஓடுகிறது என்பது வேறு கதை. ஆனால் எனக்கு மனசு விட்டுப்போச்சு.

எங்க வீட்டு முன்னறை உனக்குத் தெரியும், பத்துக்குப் பத்து. அதில் தையல் மெஷின், அம்மா கட்டில், பிரிண்டர், என் மேஜை. கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர், கேபினட், ஸ்பீக்கர், யுபிஎஸ், கீழே பாம்புப் புற்று மாதிரி ஒயர், அம்மா மூட்டு வலியோடு எழுந்து நடக்கும்போது அதில் கால் மாட்டி இரண்டு தடவை விழப் பார்த்தாள். அந்த ஒரே காரணத்துக்குத்தான் ஒரே துண்டாக இருக்கிறதைத் தேடினேன். 24 இஞ்ச் ஐமேக், ஆப்பிளின் சொந்த எம்4 சிப், 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு, கடையில் போட்டிருந்த விலை 1,34,900. பாதி மகன் போட்டான், மீதிக்குச் சீட்டு எடுத்தேன், தள்ளு போனது போக கையில் வந்ததை அப்படியே கொடுத்தேன். வந்து வைத்ததும் மேஜை காலியாகிவிட்டது. திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டரே இருக்கிறது என்று அம்மா நம்பவே இல்லை, பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு "இதுக்குள்ள எதுவும் இல்லடி, உன்னை ஏமாத்திட்டாங்க" என்றாள். தடிமன் 11.5 மில்லிமீட்டர்தான், அவள் சொன்னதிலும் தப்பில்லை.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருவோம். உனக்குத் தனி அறை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கின நல்ல மானிட்டர் இருக்கிறது. அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு இன்னொரு திரைக்குக் காசு கொடுக்கப் போகிறாயா? அதே எம்4 சிப், அதே 16 ஜிபி, மேக் மினி என்று ஒரு சின்ன டப்பா வருகிறது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, 59,900 என்று ஆரம்பித்தது. எச்டிஎம்ஐ ஒயரை உன் மானிட்டரில் சொருகினால் தீர்ந்தது. 75,000 ரூபாய் மிச்சம், மகளுக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம்.

காசை விடு. இந்த ஒரே துண்டுச் சாமானில் திரையும் கம்ப்யூட்டரும் பிறக்கும்போதே கல்யாணம் பண்ணிக்கொண்டவை, விவாகரத்து கிடையாது. பழைய ஐமேக் சிலதில், 2009-லிருந்து 2014 வரை வந்ததில், வேறு கம்ப்யூட்டரைச் சொருகி அதை வெறும் மானிட்டராக உபயோகிக்க வழி இருந்தது, இப்போது வருகிறவற்றில் அது இல்லை. அதனால் ஏழெட்டு வருஷம் கழித்து உள்ளே இருக்கிற சிப் பழசானாலும், போர்டு போனாலும், கண்ணாடி மாதிரி பளபளக்கிற அந்தத் திரையும் சேர்ந்து வீண். நினைவகத்தையும் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போது எடுத்ததுதான், மினியிலும் அதே கதைதான். அப்புறம் லேப்டாப் மாதிரி பாட்டரி கிடையாது, கரண்டு போனால் இதுவும் போகும். அதனால் யுபிஎஸ் மட்டும் மேஜைக்கடியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, மொத்த ஒயரையும் ஒழித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் கூட சின்ன விஷயம், வசந்தா. பெரிய பேஜார் வேறு இடத்தில். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் நாள் பழைய ஹார்ட் டிஸ்கைச் சொருகி, 2006-இல் இருந்து அடித்து வைத்த பத்திரிகை, மனு, கோயில் நோட்டீஸ், சர்ச் அறிக்கை எல்லாம் இருக்கிற அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு ஃபைலில் "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படியே. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் மண்டையில் ஏறியது, பாமினி ஃபான்ட் இந்த மெஷினில் இல்லை, அதைப் போட்டதும் எழுத்து வந்தது. ஆனால் நாம் இத்தனை வருஷம் அடித்தது தமிழே இல்லைடி, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்து. வாடிக்கையாளர் எல்லாம் இப்போது மேட்டரை வாட்ஸாப்பில், எல்லா மெஷினும் படிக்கிற யூனிகோடில்தான் அனுப்புகிறார்கள், அதை நான் பார்த்துப் பார்த்து பாமினியில் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷமாக, ஒரு நாள்கூட இது கிறுக்குத்தனம் என்று தோன்றவில்லை.

பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரில் பண்ணின ஃபைல் அதைவிட மோசம், திறக்கவே திறக்காது. 1985-இல் அது முதன்முதலில் வந்ததே மேக்கில்தானாம், என்ன ஒரு கூத்து! கடைசிப் பெரிய பதிப்பான 7, 2001-இல் வந்தது, அதோடு நிறுத்திவிட்டார்கள், இன்றைய மேக்கில் அது ஓடாது. அதனால் மறுபடி பழைய பெட்டியை ஆன் பண்ணி, ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி, உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் தனியாக எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். அது விண்டோஸில் ஓடுகிற மென்பொருள், அதனால் இந்த வேலையைப் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடு. ஒன்று கவனி, நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த முகவரி, மெயில் ஐடி எல்லாவற்றையும் அதுவும் பாமினி என்றே நினைத்து மாற்றிவிடும், ஒரு மண்டபத்தின் பேர் வாயில் நுழையாத தமிழாகிவிட்டது, நல்லவேளை அச்சுக்குப் போகுமுன் பார்த்தேன்.

அடுத்தது விரல். நாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் "யளனகபக" என்று பக்கம் பக்கமாகத் தட்டினோமே, லோயர், ஹையர் இரண்டும் முடித்து சான்றிதழை அம்மாக்கள் கண்ணாடி போட்டு மாட்டினார்களே, அந்த விரலுக்கு இங்கே வேலை இல்லை. மேக்கில் தமிழ் கீபோர்டு என்று தேடினால் என் கண்ணில் பட்டது அஞ்சலும் தமிழ் 99-உம். அஞ்சல் ஆங்கில ஒலிப்படி அடிப்பது, அது எனக்குப் பிடிக்கவில்லை, தமிழை மனசுக்குள் இங்கிலீஷாக்கி அப்புறம் திரும்பத் தமிழாக்குகிற மாதிரி இருக்கிறது. தமிழ் 99 எடுத்தேன். இடது கையில் உயிர், வலது கையில் மெய். முதல் பத்து நாள் அழுகை, பழைய பழக்கத்தில் கொம்பை முதலில் தேடும் கை, இதிலோ எழுத்தை அடித்துவிட்டுத்தான் உயிரைச் சேர்க்கணும். ஆனால் "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது பார், அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, ஐம்பத்திரண்டு வயசில் மறுபடி எழுதப் படித்த மாதிரி. இதைப் பழக மேக் வேண்டியதே இல்லை, உன் இப்போதைய விண்டோஸிலேயே பழகலாம். இன்றைக்கே ஆரம்பி.

டேலி உனக்குப் பெரிய தலைவலி. அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் ஓடுகிற சாமான். முன்பு இன்டெல் சிப் போட்ட மேக்கில் பூட்கேம்ப் என்று ஒன்று இருந்தது, ஒரு பக்கம் விண்டோஸும் போட்டுக்கொள்ளலாம், இந்தப் புது சிப்பில் அது கிடையாது. "செகண்ட் ஹேண்டில் பழைய இன்டெல் ஐமேக் 27 இஞ்ச் கிடைக்குதே"ன்னு உன் தம்பி சொன்னானாமே, போகாதே, மேக்கின் இயங்குதளத்தில் இன்டெல்லுக்குக் கடைசி பெரிய பதிப்பு டஹோ என்று அறிவித்தாகிவிட்டது, ஒரு கிழத்தை விட்டு இன்னொரு கிழத்தைக் கட்டிக்கொள்கிற கதை. நான் எழுதுகிற ஐஸ் கடைக் கணக்கைப் பழைய பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன், மாசம் இரண்டு நாள் மட்டும் ஆன் பண்ணுவேன். நீ தினமும் டேலி பார்க்கிறவள், அதனால் உன் பழையதைத் தூக்கி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதே.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்த ஹார்ட் டிஸ்கை மேக் படிக்கும், அதில் எழுதாது, நான் டிஸ்கே கெட்டுவிட்டது என்று ஒரு ராத்திரி தூங்கவில்லை. இரண்டிலும் எழுதணும் என்றால் எக்ஸ்ஃபாட் ஆக மாற்றணும், மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் காப்பி எடு. காப்பி, பேஸ்ட் எல்லாம் கமாண்ட் சாவியில், கட்டைவிரலுக்கடியில், என் சுண்டுவிரல் இன்னும் கன்ட்ரோலைத் தேடிப் போகிறது. சிவப்புப் பொட்டை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், ப்ரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பென் டிரைவ் நேராகச் சொருக இடமில்லை, மினியிலும் இல்லை, ஒரு ஹப் வாங்கணும், முதலில் வாங்கினது ஒரே வாரத்தில் போனது, கடைக்காரர் பில் இல்லை என்று கைவிரித்தார், பில் வாங்கிக்கொள். இந்த மவுஸுக்குச் சார்ஜ் ஓட்டை வயிற்றில், மினிக்கு ஆன் பண்ணுகிற பட்டன் அடியில், இவர்களுக்கு எதையும் குப்புறப் போட்டால்தான் திருப்தி போல.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டு, உன் பெட்டியில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். மகன் எனக்குக் காட்டினான், நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லை, உனக்கு இருக்கலாம்.

இங்கே வேறென்ன. நம்ம இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அம்மா உன்னைக் கேட்டாள். மே மாதம் உன் சித்தி பெண் கல்யாணத்துக்கு வருவாய் இல்லையா, வரும்போது பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்து வா, மேலே ஒரு துணி சுற்றி, துணிமணிப் பெட்டியில் இல்லாமல் கைப்பையிலேயே வை. ராத்திரி உட்கார்ந்து இரண்டு பேருமாக மாற்றிவிடலாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ விட்டு இறங்கி போன் பண்ணு, வந்து கூட்டிக்கொள்கிறேன்.

உன்
ஸ்டெல்லா