காப்பகங்களில் இரவு ஆய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'அனுமதியின்றி இயங்கிய காப்பகத்துக்கு சீல்' என்று செய்தி வரும்போதெல்லாம் உரிமம் இல்லை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த உரிமம் என்று யாரும் கேட்பதில்லை. சிக்கலே அங்கேதான்.

மருத்துவமனை, கிளினிக் என்றால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம். அதற்கு விதிகள் வரவே 2018 ஆயிற்று. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிக்கும் இல்லத்துக்கும் 2014 சட்டத்தின்படி ஆட்சியர் உரிமம் தர வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள் இருந்தால் 2015 இளைஞர் நீதிச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், மனநோயாளிகளுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். தனியார் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்ய 2007 மத்தியச் சட்டத்தில் வழி இல்லை. அதைச் சேர்க்க 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா காலாவதியாகிப் போனது.

வாசலில் 'முதியோர் இல்லம்' என்று பலகை இருக்கும். உள்ளே முதியோரோடு, தெருவில் திரிந்த மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் இருப்பார்கள். சமூகநலத் துறை முதியோர் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகும். மனநலக் காப்பகங்களைப் பதிவு செய்யும் மாநில மனநல ஆணையமோ பலகையைப் பார்த்து உள்ளேயே வராது. 2017 சட்டம் பலகையைப் பார்க்கச் சொல்லவில்லை. குடும்பத்தினர் வீட்டைத் தவிர, மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும், அதில் ஒரு பகுதி மட்டுமே அப்படி இருந்தாலும், மனநல நிறுவனம்தான்.

சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழையும் உற்றுப் பார்க்க வேண்டும். மனநல நிறுவனத்துக்கான தற்காலிகப் பதிவு, விசாரணை ஏதுமின்றி 10 நாளில் தரப்படுவது. 12 மாதம் செல்லும். தரத்துக்கு அது அத்தாட்சி அல்ல, விண்ணப்பித்ததற்கான ரசீது மாதிரி. அதன்பின் தணிக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறைதான். குழந்தைகள் இல்லங்களுக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு போக வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும். பதிவில்லாத குழந்தைகள் இல்லத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாத மனநலக் காப்பகத்துக்கு முதல்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் அபராதத்தோடு சரி. ஒருவரிடம் வாங்கும் மாதக் கட்டணமே பல இடங்களில் 5,000-க்கு மேல்.

சரி, ஆய்வில் எதைப் பார்ப்பது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 28 பேர் தீயில் கருகியது விடியற்காலையில். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியை இன்று சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. ஆனால் வெளிப்பக்கம் பூட்டிய கதவும் அதே வேலையைத்தான் செய்யும். பகல் 11 மணிக்கு, அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். இரவு போக வேண்டும். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம், ஒரு தளத்தில் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அடுத்து, பதிவேட்டைத் தனியாகப் படித்துப் பயனில்லை. வேறொன்றோடு ஒப்பிட வேண்டும். தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் சேர்க்கப்படுவோரைப் பற்றி, பெண் என்றால் 3 நாளிலும் வயதுவந்த ஆண் என்றால் 7 நாளிலும், சேர்க்கை சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் 60 பெயர், வாரியத்துக்குப் போனது 15 என்றால் மீதிப் பேர் எந்த அடிப்படையில் உள்ளே இருக்கிறார்கள்? தூக்க மாத்திரை வாங்கிய பில்லை மருத்துவர் சீட்டோடும், இறந்தோர் பட்டியலை உள்ளாட்சியின் இறப்புப் பதிவோடும் வைத்துப் பாருங்கள். 'வேறு இல்லத்துக்கு அனுப்பினோம்' என்று எழுதியிருந்தால் அந்த இல்லத்தின் வரவுப் பதிவு அவசியம். அது இல்லாவிட்டால் அன்றே காவல் துறைக்குப் போக வேண்டிய விஷயம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எல்லாத் துறைகளும் ஒரே படிவத்தோடு ஒன்றாகப் போகும்படி ஆட்சியர் ஆணையிட்டால் போதும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை வாசலில் எழுதிவைக்கச் செய்தால் பார்க்க வரும் உறவினர்களே தலை எண்ணிவிடுவார்கள்.

சீல் வைக்கும் நாளிலும் ஒரு கவனம் வேண்டும். ஒவ்வொருவர் எங்கே போகிறார் என்று முதலில் முடிவாகட்டும். அவருடைய மருத்துவக் குறிப்பும் ஒரு வார மாத்திரையும் அவரோடு வண்டியில் ஏறட்டும். வலிப்பு மாத்திரையோ மனநோய் மாத்திரையோ திடீரென்று நின்றால், புது இடத்தில் முதல் வாரத்திலேயே நோய் முற்றிவிடலாம்.

இப்படிக்கு,
சமூகநலத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்