ஆவாரையும் காசியாவும் சென்னாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இணைப்பிதழில் வந்த ஆவாரை கட்டுரையில் ஓரிடத்தில் 'காசியா ஆரிகுலேட்டா' என்றும், நாலு பத்தி தள்ளி 'சென்னா ஆரிகுலேட்டா' என்றும் அச்சாகியிருக்கிறது, அதுவும் ஏதோ ஆவாரையில் இரண்டு வகை இருப்பது போல. இரண்டும் ஒரே செடிதான். முதலாவது பழைய பெயர், இரண்டாவது இப்போது ஏற்கப்பட்ட பெயர், அவ்வளவுதான்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதைக் காசியா பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி, பெயரின் முதல் சொல் அதைக் குறிக்கும்) வைத்தார். சென்னா பேரினத்துக்கு மாற்றியவர் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1832-இல்தான் அது அச்சில் வந்தது. ஆனால் 1871-இல் பெந்தம் என்ற தாவரவியலாளர் இந்த இனங்கள் எல்லாவற்றையும் மறுபடி காசியாவுக்குள்ளேயே அடக்கி எழுதிவிட, நூறு வருஷத்துக்கு மேல் அதுவே வழக்கமாக நின்றுவிட்டது. கடைசியில் 1982-இல் இர்வின், பார்னபி என்ற இரு தாவரவியலாளர்கள் அந்த மூட்டையைப் பிரித்து காசியா, சென்னா, கேமிகிரிஸ்டா என்று மூன்று பேரினங்களாக்கினார்கள். நம் ஆவாரை, சீமை அகத்தி எல்லாம் சென்னாவுக்குப் போயின.

சரக்கொன்றை மட்டும் ஏன் இன்னும் காசியா ஃபிஸ்டுலா என்று சிலர் கேட்கிறார்கள். காசியா பேரினத்துக்கு வகைமாதிரி இனமே (பேரினப் பெயர் எந்த இனத்தோடு கட்டப்பட்டிருக்கிறதோ அது) அதுதான், எத்தனை முறை பிரித்தாலும் அந்தப் பெயர் அதை விட்டுப் போகாது. தவிர, பிரித்தது வெறும் விருப்பத்துக்காக அல்ல. சரக்கொன்றைப் பூவை எடுத்துப் பாருங்கள், மூன்று மகரந்தக் கம்பிகள் மட்டும் நீளமாக வளைந்து நிற்கும். சென்னாவில் அப்படி இருக்காது. கேமிகிரிஸ்டாவின் காய் முற்றியதும் வெடித்து முறுக்கிக்கொள்ளும், அதன் வேரில் நைட்ரஜனைப் பிடிக்கும் முடிச்சுகளும் உண்டு, மற்ற இரண்டிலும் பொதுவாக அவை கிடையாது. இத்தனை வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரே பெயரில் கட்டிவைத்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அதற்காகப் பழைய பெயரை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. 1982-க்கு முந்தைய தாவர நூல்களிலும் மருத்துவ ஆய்வுகளிலும் பெரும்பாலும் காசியா என்றுதான் இருக்கும், புதுப் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு அவை கண்ணில் படாமலே போகும். சென்னா ஆரிகுலேட்டா என்று போட்டுவிட்டு, பழைய பெயர் காசியா ஆரிகுலேட்டா என்று அடைப்புக்குள் ஒரு முறை சொன்னால் போதும்.

அப்புறம், சிசால்பினியேசியே என்று தனிக் குடும்பம் குறிப்பிட்டிருந்தீர்கள். 2017-இல் வந்த வகைப்பாட்டின்படி அவரைக் குடும்பமான ஃபேபேசியே ஆறு துணைக்குடும்பங்கள் கொண்டது, ஆவாரை அதில் சிசால்பினியாய்டியே துணைக்குடும்பத்தில் வருகிறது. தொட்டாற்சிணுங்கிகூட இப்போது அங்கேதான். திருத்தம் வெளியிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்