ஆஷ்வில்லில் இருந்து ஐயாவுக்கு

ஆஷ்வில், வட கரோலினா
12.10.2025

அன்புள்ள ஐயாவுக்கு மகன் எழுதிக்கொள்வது,

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சி குடும்பமும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். வைபரில் கிழமைக்கு மூன்று தரம் கதைக்கிறவனுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் "ஓம்... ஓம்... சாப்பிட்டியோ?" என்பதைத் தாண்டுவதில்லை. அதுக்குள் அம்மா போனைப் பறித்துவிடுவா. இது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. தங்கச்சி, ஐயாவின் கண் ஒப்பரேசன் முடியும்வரை நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். அம்மா கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை பார்த்து வாசி.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை நான் குடிக்கப் போனேன்.

உடனே யோசிக்க வேண்டாம். நடந்து போய் நடந்தே வந்தேன், நாலு மிடறுக்கு மேல் எதுவும் உள்ளே போகவில்லை. வேலைத்தலத்தில் என்னோடு மெசின் பார்க்கிற வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தன், நான் வந்து ஏழு மாதமாகியும் இந்த ஊரின் பியரை வாயில் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, கோயிலுக்கு வந்து சாமி கும்பிடாமல் போகிறவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். அவனும் மனிசியும்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊரைப்பற்றி முதலில் சொல்கிறேன். சின்ன ஊர், ஐயா. 2020 கணக்கெடுப்பில் 94,500 சொச்சம் பேர். எங்கள் யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள் இருக்கிற சனத்தோடு கிட்டத்தட்டச் சரி. மலையூர் என்றதும் நுவரெலியாவை நினைக்க வேண்டாம், அதன் உயரத்தில் மூன்றில் ஒன்றுதான் வரும், 650 மீற்றர். ஆனால் சுத்திவர மலை. புளூ ரிட்ஜ் என்று பெயர், நீல வரம்பு மாதிரி. மரங்கள் விடுகிற ஒரு வாயுதான் தூரத்தில் நீலப்புகாராய்த் தெரிகிறதாம். இந்த மாதம் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் மாறும். அதைப் பார்க்கவென்றே ஊர் ஊராய்க் காரில் வருகிறார்கள். இலை பழுக்கிறதைப் பார்க்க வருகிற சனம்! எங்களூரில் பழுத்த இலையைக் கூட்டி எரிப்போம்.

இவ்வளவு சின்ன ஊரில் பியர் காய்ச்சுகிற இடங்கள் தடுக்கி விழுகிற தூரத்துக்கு ஒன்று. சவுத் ஸ்லோப் என்று ஒரு பகுதி, முந்தி கராச்சுகளும் பண்டகசாலைகளும் இருந்த இடம், இப்ப ஒழுங்கைக்கு ஒன்றாய்ப் புரூவரிகள். எங்கள் கள்ளுத்தவறணையை மனதில் வைத்துப் பார்க்காதீர்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார் வருகிறார்கள். நாயைக் கொண்டுவருகிறார்கள், நாய்க்குத் தண்ணீர்ச்சட்டி வைத்திருக்கிறது. கிழவர் ஒருத்தர் பேத்தியோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஒருவரும் மறைந்து நின்று குடிக்கவில்லை, வாயைத் துடைத்துக்கொண்டு பின்வாசலால் போகவில்லை. எனக்குத்தான் உள்ளே போகும்போது யாராவது ஊர்ச்சனம் நிற்கிறதோ என்று பார்வை ஓடியது. வாசலில் 21 வயது ஆச்சுதோ என்று அடையாள அட்டை கேட்டார்கள். முப்பத்தினாலு வயதில் அது ஒரு சந்தோசம்.

இந்த ஊரில் இதைத் தொடக்கி வைத்தவர் ஆர் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒஸ்கார் வோங் என்று ஒரு சீனர், பிறந்தது ஜமேக்காவில். எஞ்சினியராய் இருந்து இளைப்பாறி, 1994இல் ஒரு பீட்சாக் கடையின் நிலவறையில், பால் பதனிடுகிற பழைய பாத்திரங்களை வாங்கி மாற்றிப் பியர் காய்ச்சத் தொடங்கினாராம். ஹைலண்ட் புரூவிங் என்று அது இப்பவும் இருக்கிறது. இந்த மாநிலம் 1908இலேயே வாக்குப்போட்டு மதுவை ஒழித்த மாநிலம், ஐயா. பிறகு திரும்ப விட்டும், பியரில் மதுசாரம் ஆறு வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். 2005இல்தான் அதைப் பதினைந்து வீதமாக்கினார்களாம். அதுக்குப் பிறகுதான் ஊர் இப்படிப் பொங்கியது என்கிறான் பெடியன்.

முதல் இடத்தில் பலகையொன்றில் நாலு சின்னக் கிளாஸ் வைத்துத் தந்தார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய் ருசி பார்க்க. முதலாவது ஐபிஏ என்கிற கைப்புப் பியர். வேப்பம்பூ வடகத்தையும் மாங்காய்த் தோலையும் சேர்த்துக் கடித்த மாதிரி. ஹொப்ஸ் என்று ஒரு கொடியின் பூவைப் போடுகிறார்களாம், கைப்பும் வாசமும் அதில் வருகிறது. இரண்டாவது கறுப்பு, கருக வறுத்த கோப்பி. மூன்றாவதில் உப்பும் மல்லியும், சத்தியமாய் மோர். நாலாவதை எனக்குப் பிடிக்கவில்லை, பெடியனின் மனிசி குடித்து முடித்தா. ஒரு பெரிய கிளாஸ் ஏழெட்டு டொலர். ரூபாயில் இரண்டாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்குத் தவறணையில் எத்தனை போத்தல் வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ.

இரண்டாவது இடம் நல்ல கூட்டம், ஒன்றும் நினைவில்லை.

மூன்றாவது இடம்தான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். சின்ன இடம். சுவர் உயரத்துக்கு மரப்பீப்பாக்கள் அடுக்கியிருந்தது. புளிப்புப் பியர் மட்டும் செய்கிறார்கள், பீப்பாவில் மாதக்கணக்காய், சிலதை வருசக்கணக்காய் வைத்துப் புளிக்க விடுகிறார்கள். கிளாசைக் கிட்டக் கொண்டுபோனேன். ஐயா, பின்னேரக் கள்ளு! பத்து மணி வெயிலில் கொட்டிலுக்குள் முட்டி வைத்திருந்தால் ஒரு வாசம் வருமே, அது. நுரை, புளிப்பு, பின்னால் ஒரு ஈரமரத்து மணம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெடியன் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டான். எங்களூர் டொடி மாதிரி இருக்கு என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. இங்கே டொடி என்றால் விஸ்கிக்குள் சுடுதண்ணியும் தேனும் தேசிப்புளியும் விட்டுத் தடிமனுக்குக் குடிக்கிறது. எங்கள் பக்கத்துச் சொல்லை வெள்ளைக்காரன் கொண்டுபோய் வேறு சாமானுக்கு வைத்துவிட்டான். பனை மரத்தில் எடுக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். அவன் எழும்பிப் போய்ப் பியர் காய்ச்சுகிறவவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கையில் தண்ணிக் குழாய், முழங்கையில் சுடுபட்ட தழும்பு. நிலம் கழுவிக்கொண்டிருந்தவவாம். இந்தத் தொழிலில் முக்கால்வாசி கழுவுறதுதான் என்று சொல்லிக் கையைக் காட்டினா. மருந்துத்தண்ணி பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. பின்னாலே கரும்பலகையில் அன்றைக்கு இருக்கிற பியர்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் நேரே அதைக் காய்ச்சினவரின் பெயரும் சோக்கட்டியால் எழுதியிருந்தது.

"உங்கடை ஊரில் அதை ஆர் செய்யிறது?" என்று கேட்டா.

"என்ரை அப்பா" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்குக் கதை வரவில்லை. ஐயா, ஏழாம் வகுப்பில் ஒரு படிவம் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கோ? பெற்றார் தொழில் என்ற இடத்தில் நானே 'கமம்' என்று எழுதிவிட்டு உங்களிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். நீங்கள் அப்பதான் மரத்தால் இறங்கிக் கிணற்றடியில் நின்றீர்கள். கையைச் சாரத்தில் துடைத்து, வாசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டீர்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுக் கள்ளுப் பட்டு மை பரவியிருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்ச்சேரும் வரைக்கும் அதை மணந்து மணந்து பார்த்து, வாத்தியாருக்கு மணக்குமோ என்று பயந்துகொண்டு போனேன். கம்பசிலும் கமம்தான். கொழும்பில் வேலைக்குப் போன இடத்திலும் கமம்தான்.

அந்த மனிசி எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. எப்படிச் செய்கிறது என்று கேட்டா. நானும் சொன்னேன். பியர் பெரிய வேலை ஐயா. பார்லியில் இருப்பது மா, சீனி இல்லை. அதனால் நனைத்து முளைக்க வைத்து, காயவைத்து, உடைத்து, 65 பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டுத்தான் சீனியை வெளியே எடுக்கிறார்கள். பிறகு வடித்து, ஹொப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டு, ஒன்றிரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். நாங்கள் அடுப்பே மூட்டுவதில்லை என்றேன். "ஈஸ்ட் எப்ப போடுவியள்?" போடுவதில்லை. "அப்ப எங்கை புளிக்குது?" மரத்திலேயே, முட்டிக்குள்ளேயே. மனிசி பெடியனைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. பெல்ஜியத்தில் பிரசெல்சுக்குக் கிட்ட லாம்பிக் என்று ஒரு பியர், காற்றில் வருகிற ஈஸ்ட்டை நம்பி, அகலமான தட்டுப் பாத்திரத்தில் திறந்து வைத்து, குளிர்காலத்தில் மட்டும் செய்கிறார்களாம். அதைப் பார்க்கவென்று காசு சேர்த்துப் போய்வந்தவவாம். "உங்கடை அப்பா ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் இதைத்தான் செய்தவரோ?" என்று கேட்டா.

புளிக்காத இனிப்புக் கருப்பணிக்கு முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுகிறதைச் சொன்னேன். காரணம் நான் சொல்ல முதலே அவ சொல்லிவிட்டா, சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டைத் தலை தூக்க விடாதாம். பன்னாடையால் வடிக்கிறதைச் சொன்னபோது படம் இருக்கோ என்று கேட்டா. என் போனில் ஆயிரம் படம், ஒரு பன்னாடை இல்லை. ஊரில் ஆளைத் திட்டுகிற சொல் அது என்றும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தா. நெஞ்சில் காய்ச்சுப்போன தழும்பைப் பற்றியும் மரமேறக் காலில் போடுகிற தளைநாரைப் பற்றியும் கேட்டா. அதுகளை நான் சொன்னேன். பிறகு கேட்டதுகளுக்குத்தான் என்னிடம் மறுமொழி இல்லை. பதினெட்டு வருசம் ஒரே கூரைக்குள் இருந்திருக்கிறேன், ஓலைப் பிளாவில் ஊற்றித் தந்ததைக் குடித்தும் இருக்கிறேன் (அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்), கிட்ட வந்து பார்த்ததில்லை.

இடையில் தண்ணீரைப் பற்றியும் கதை வந்தது. போன வருசம் செப்ரெம்பர் 27ஆம் திகதி ஹெலீன் புயலில் இங்கே பிரெஞ்ச் புரோட் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. மலைநீர்த்தேக்கத்தில் இருந்து வருகிற குழாய்கள் உடைந்து, 53 நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் இருந்தார்களாம். நான் வர முந்தி. இந்த மலைத்தண்ணீர் எங்களுடையதைப் போல் சுண்ணாம்பு பிடித்த தண்ணீர் இல்லை, மென்மையானது, பியருக்கு அதுதான் முதல். தண்ணி இல்லாமல் அந்த 53 நாளும் பீப்பாக்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றா. நான் எங்கள் பக்கத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையைச் சொன்னேன். அதுக்கு அவ ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினா.

எல்லாம் நல்லது என்று எழுத மாட்டேன். மிளகாய்ப்பழம் போட்ட பியரும் கோப்பி போட்ட பியரும் கண்டேன், அப்பம் சுடத் தெரியாதவன் தட்டை அலங்கரிக்கிற மாதிரி. வாடகை ஏறிக் கொஞ்ச இடம் பூட்டியும் போகுதாம். உடன்கள்ளுக்குக் கிட்ட அங்கே ஒன்றும் நிற்காது. அந்த மனிசிக்கும் இதையே சொன்னேன், கோபிக்கவில்லை.

போகும்போது ஒரு தாளில் கேள்விகளை எழுதித் தந்தா. கீழே இருக்கிறது, நான் தமிழில் மாற்றியிருக்கிறேன். பாளையை ஒவ்வொரு தரமும் எவ்வளவு மெல்லிசாய்ச் சீவ வேண்டும், கூடச் சீவினால் என்ன நடக்கும்? தட்டிப் பதப்படுத்தும்போது போதும் என்று எப்படித் தெரியும், கையிலா, சத்தத்திலா? முட்டியை வெந்நீரில் கழுவுவீர்களா, இல்லை அடியில் கொஞ்சம் விட்டுவைப்பீர்களா? (அவவின் பீப்பாவையும் முழுக்கக் கழுவ மாட்டாவாம், ஈஸ்ட் மரத்துக்குள் குடியிருக்கட்டும் என்று. அதனால்தான் கேட்கிறா.) மழை பெய்த அடுத்த நாள் கள்ளு மாறுமா? ஒரு வளவுக்குள்ளேயே ஒரு மரத்துக் கள்ளுக்கும் மற்ற மரத்துக் கள்ளுக்கும் ருசி வித்தியாசம் உண்டா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவீர்களா? கடைசிக் கேள்வி நான் சேர்த்தது: கிணற்றடிக்குப் பின்னால் நிற்கிற அந்தச் சரிஞ்ச பனையில் மட்டும் ஏன் நீங்கள் ஒருநாளும் எனக்குக் கள்ளுத் தரவில்லை?

மறுமொழியைப் போனில் சொல்ல வேண்டாம். தங்கச்சியிடம் சொல்லி எழுதுவியுங்கோ, நீங்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதட்டும், அவள் திருத்தக்கூடாது. பாளைக்கத்தி இப்பவும் கொட்டில் வளையில்தான் செருகியிருக்கும். அதையும் பன்னாடை ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நீங்களும் அந்தப் படத்தில் நிற்க வேண்டும். சேட்டுப் போட வேண்டாம்.

கண் சொட்டுமருந்துக்கும் ஒப்பரேசனுக்கும் காசு இருபதாம் திகதி வரும். இடுப்பு நோவோடு வளவு கூட்ட வேண்டாம், பழுத்த இலை அங்கேயே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்