வெள்ளையடிக்கும் முன் ஒரு கடிதம் போடுங்கள்

சிகாகோ நகர மன்ற உறுப்பினர்களுக்கும், சுவரோவியம் உள்ள கட்டடங்களின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். வில்லியம் வாக்கர் யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1967-ல் 43-வது தெரு, லாங்லி முனையில் ‘மரியாதைச் சுவர்’ வரைந்த கறுப்பின ஓவியர்களில் ஒருவர். மால்கம் எக்ஸையும் முகமது அலியையும் அந்த மக்களின் தெருமுனைக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1971-ல் கட்டடம் தீப்பிடித்தது, சுவரும் போயிற்று. காப்ரினி-கிரீன் அரசுக் குடியிருப்புப் பக்கத்துத் தேவாலயத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் வாக்கர் வரைந்த ‘மனிதகுலம் அனைத்தும்’ ஓவியத்தை அழிக்கத் தீகூடத் தேவைப்படவில்லை. 2015 டிசம்பரில் வெள்ளைப் பெயிண்டே போதுமானதாக இருந்தது.

“மேல்பூச்சை உரித்துவிடலாமே” என்கிறீர்கள். படத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே காப்பு வார்னிஷ் இருந்தால் உரிக்கலாம். இல்லையென்றால், மேல்பூச்சை இளக்கும் கரைப்பான் அடியிலுள்ள வண்ணத்தையும் இளக்கிவிடும். ஓரத்தில் இரண்டங்குலச் சதுரம் சோதித்து, கத்தியால் சுரண்டி, துடைத்து, அடுத்த சதுரத்துக்குப் போக வேண்டும். ஒரு முகம் வெளிவரவே நாட்கணக்காகும். அதற்குள் பழைய செங்கல்லில் இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உங்கள் ஊர்க் குளிரில் உறையும். படத்தோடு செங்கல்லின் மேல்தோலும் பெயர்ந்து விழும்.

கேட்பது ஒன்றுதான். சுவரில் கைவைக்கும் முன் 90 நாள் எழுத்துமூல அறிவிப்பு: ஓவியருக்கு, அவர் இல்லையென்றால் அவர் குடும்பத்துக்கு, எப்படியும் அந்தத் தெருவுக்கு. ஓவியர் உரிமையைக் காக்கும் 1990-ம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலும் 90 நாள் உண்டு. ஆனால் 1991 ஜூனுக்கு முன்பே வரைந்து கைமாறிய படங்களுக்கு அது உதவாது. வாக்கரின் சுவர்கள் அந்த ஓட்டையில்தான் விழுகின்றன. நகரத்தின் சுவரோவியப் பதிவேட்டில் ஏற்றினால் உங்கள் ஊழியர்கள் தவறுதலாக அழிக்க மாட்டார்கள், சரி. உரிமையாளரே மனமறிந்து அழித்தால்?

பெரும்பாலான சுவர்கள் மேலிருந்துதான் கெடுகின்றன. கைப்பிடிச் சுவரின் மூடுகல் விரிசலையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய்து, கல் இடுக்குகளில் சிமென்ட் திணிக்காமல் சுண்ணாம்புக் காரை பூசினாலே உரிதல் குறையும். அதை விட்டுவிட்டு “பெயிண்ட் உரிகிறது, அசிங்கமாக இருக்கிறது” என்று வெள்ளையடிப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 56-வது தெரு ரயில் பாலத்தடியில் 1977-ல் வாக்கர் வரைந்தது, பழுதுபார்த்ததால்தானே நிலைத்தது?

வீடு விற்கும் விளம்பரத்துக்கு மட்டும் ‘கலை மணக்கும் வட்டாரம்’ வேண்டும்; வரைந்தவரின் சுவர் வேண்டாம். போகட்டும், கோபம் எங்களோடு இருக்கட்டும். தயவுசெய்து அந்த 90 நாளை விதியாக்கித் தாருங்கள். நகல் ஒன்றைப் பெயிண்ட் ஒப்பந்தக்காரருக்கும் அனுப்பிவைத்தால் நல்லது.

இப்படிக்கு,
சுவரோவியம் பழுதுபார்ப்போர் சிலர்